நாலு வருஷத்தில் படுத்த ஏசி: புதுசைப் பத்து வருஷம் ஓட்டுவது எப்படி?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் மூன்றாவது மாடி வீடு, பால்கனி உண்டு. படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. நாலு வருஷத்தில் மூன்று தடவை கேஸ் போட்டிருக்கிறார்கள். போன மாதம் வந்த மெக்கானிக் "காயில் போயிடுச்சு சார், புதுசே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார், எந்தக் காயில் என்று சொல்லவில்லை. புது இன்வெர்ட்டர் ஏசி வாங்கியாயிற்று, அடுத்த வாரம் மாட்டப் போகிறார்கள். கரூரில் அப்பா வீட்டில் 2006ல் வாங்கிய விண்டோ ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இது மட்டும் ஏன் இப்படி? புதுசு பத்து வருஷமாவது உழைக்க என்ன செய்யலாம்? ஸ்டெபிலைசர் வேண்டுமா, ஏஎம்சி (வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடலாமா?

நான் 22 வருஷமாக ஏசி சர்வீஸில் இருக்கிறேன். முதல் எட்டு வருஷம் தோளில் பை, கையில் ஸ்பேனர். இப்போது பையன்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திட்டு வாங்காமல் திரும்புகிறார்களா என்று பார்க்கிற வேலை. மாட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். ஸ்பிளிட் ஏசியின் ஆயுசில் பாதி, மாட்டுகிற அந்த இரண்டு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நிறையப் பேர் மூன்றாவது தடவை கேஸ் போட்ட பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

முதலில் கேஸ் விஷயத்தைப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இதுவரை எத்தனை தடவை கேஸ் போட்டிருக்கிறீர்கள்? ஒரு தடவைகூட இருக்காது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நடப்பது ஒரே வேலைதான். கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. வெளிக்காயிலில் அந்தச் சூட்டை விட்டுவிட்டு அது திரவமாகிறது. ஒரு குறுகலான வழியாகப் பாய்ந்து அழுத்தம் குறைந்ததும் ஜில்லென்று ஆகி, உள்காயிலில் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகித் திரும்பவும் கம்ப்ரசருக்கு வருகிறது. அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. எரிந்து செலவாக அது பெட்ரோல் கிடையாது. ஒன்றரை டன் ஏசிக்குள் இருப்பதே சுமார் ஒரு கிலோ, சிலதில் அதைவிடவும் குறைவு. சரியாக எத்தனை கிராம் என்று, வெளியே வைக்கும் பெட்டியான அவுட்டோரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அச்சடித்திருப்பார்கள். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போட்டுவிட்டுப் போவது, பஞ்சர் ஒட்டாமல் காற்று அடிப்பது மாதிரி. உங்களுக்கு மூன்று தடவை காற்று அடித்திருக்கிறார்கள்.

அப்பாவின் விண்டோ ஏசி பிழைத்திருப்பதும் இதனால்தான். விண்டோ ஏசி ஃபிரிட்ஜ் ஜாதி. குழாய் இணைப்பு எல்லாமே கம்பெனியிலேயே பற்றவைத்து மூடியவை, வீட்டுக்கு வந்து யாரும் ஸ்பேனர் போட வேண்டியதில்லை. ஸ்பிளிட்டில் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று நாலு இடத்தில், உங்கள் வீட்டில் வைத்து, செம்புக்குழாயின் வாயை விரித்து நட்டு போட்டு இறுக்குகிறார்கள். ஃபிளேர் என்போம். நாலில் ஒன்று கோணலாக உட்கார்ந்தாலும் போதும், கேஸ் கிராம் கிராமாகக் கிளம்பிவிடும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. 2006 மாடலில் இருப்பது அநேகமாக ஆர்-22 என்ற கேஸ். இப்போது பெரும்பாலும் ஆர்-32. அதே வெயிலில் ஆர்-22ஐ விட ஆர்-32 ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தத்தில் ஓடும். அந்தக் காலத்தில் சும்மா இருந்திருக்கக்கூடிய ஒரு மயிரிழைக் கசிவு இப்போது சும்மா இருக்காது. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால் 1987ல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதைப் படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள், ஆகவே அதற்குத் திரும்பிப் போக முடியாது. அப்புறம், கரூரில் கடல் காற்று இல்லை.

கடல் காற்று என்ன செய்கிறது என்று சொல்கிறேன். காயில் என்பது செம்புக்குழாயில் மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாகக் கோத்தது. தகடுகளை ஃபின் என்போம். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அங்கே சின்ன பேட்டரி மாதிரி ஒரு வேலை நடந்து அலுமினியம் அரித்துப்போகும். நாலைந்து வருஷம் ஆன பெசன்ட் நகர் அவுட்டோர் எதையாவது விரலால் தொட்டுப் பாருங்கள், திருநீறு மாதிரி வெள்ளையாக ஒட்டும். ஃபின் உதிர்ந்தால் சூடு வெளியேற இடம் குறைகிறது, கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறது. நீல ஃபின், தங்க ஃபின் என்று விற்பதெல்லாம் அந்த அலுமினியத்தின் மேல் போட்ட பூச்சு. உதவும்தான், கீறல் விழும் வரை.

உள்காயிலுக்கு வேறு நோய். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வருஷத்தில் இரண்டாவது காயில் ஓட்டை. நான் ஏணியில் நின்று கழற்றிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, எங்க வீட்டுல வெள்ளி விளக்கு எத்தனை தேய்ச்சாலும் ஒரே வாரத்துல கறுத்துப்போவுது. இதுக்கும் ஏசிக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. காயிலை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த பிறகு சிரிப்பு போய்விட்டது. செம்பு முழுக்க அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது. விளக்கையும் காயிலையும் கறுக்க வைத்தது ஒரே வாயு, சாக்கடையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அதுதான். அது வெள்ளியைக் கறுக்கும், செம்பை அரிக்கும். அன்றிலிருந்து உள்காயில் ஓட்டை என்று யார் கூப்பிட்டாலும், பூஜை அறையில் வெள்ளி விளக்கு எத்தனை நாளில் கறுக்கிறது என்று முதலில் கேட்டுவிடுவேன். ஐந்து பைசா செலவில்லாத சோதனை.

கால்வாய் பக்கத்தில் இல்லாத வீட்டிலும் இது வரும். ஏசித் தண்ணீர் போகிற டிரெயின் பைப்பைச் சிலர் பாத்ரூம் கழிவுக்குழாயில் நேராகச் செருகிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், சுவரில் ஈரம் இருக்காது. ஆனால் நடுவில் தண்ணீர் தங்கித் தடுக்கிற வளைவு இல்லையென்றால் சாக்கடைக் காற்று அதே பைப்பில் ஏறி நேராக உள்காயிலின் காலடியில் வந்து நிற்கும். உங்கள் பழைய ஏசியின் டிரெயின் எங்கே போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். புதுசு மாட்டும்போது பைப்பின் முனை பால்கனித் தரையின் ஜாலிக்கு மேல் நாலு விரல் உயரத்தில் திறந்து நிற்கட்டும்.

மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாது. செம்பின் மேல் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி, குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே எறும்புப்புற்று மாதிரி கிளைகிளையாகப் போயிருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயரும் எறும்புப்புற்று என்ற பொருளில்தான். ஈரம், காற்று, ஃபார்மிக் அமிலம் அல்லது அசெட்டிக் அமிலத்தின் ஆவி, இந்த மூன்றும் சேர்ந்தால் இது நடக்கும். பிளைவுட் பசை, பெயின்ட், தரை துடைக்கிற சில திரவங்கள், ரூம் ஸ்பிரே இவற்றிலிருந்து அந்த ஆவி வரலாம். புது வீடு, புது அலமாரி, புது ஏசி மூன்றும் ஒரே மாதத்தில் வந்த வீடுகளில் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மர வேலை முடிந்த அறையை ஜன்னல் திறந்துவைத்துச் சில வாரம் காற்றாட விட்டுவிட்டு அப்புறம் ஏசி போடுவது நல்லது. ஈரத்தைக் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. காலையில் நிறுத்துவதற்கு முன் பத்து நிமிஷம் ஃபேன் மோடில் ஓட விடுங்கள், காயில் உலர்ந்துவிடும். புது மாடல்கள் சிலதில் இதைத் தானாகச் செய்கிற பட்டன் இருக்கிறது, பலர் அதை அமுக்கியதே இல்லை. ஏசி போட்டதும் வரும் அந்த ஊறவைத்த துணி வாடையும் இதிலேயே போய்விடும்.

சரி, அடுத்த வாரத்துக்கு வருவோம்.

அவுட்டோரை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வெயில் படுமா, மழை படுமா என்றெல்லாம் கேட்பார்கள். நான் கேட்பது, அங்கே ஒரு ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்று வேலை செய்ய முடியுமா என்பது. சென்னையில் பாதி அடுக்குமாடிகளில் அவுட்டோர் ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடுக்கு மேல் தொங்குகிறது. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபிளேர் நட்டு இறுக்குகிற பையன் எவ்வளவு சரியாக இறுக்குவான்? சர்வீஸ் என்று போனாலும் எட்டிப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வருவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கை எட்டாத அவுட்டோரை யாரும் கழுவுவதில்லை, கழுவாத அவுட்டோர் கடற்கரையில் நாலைந்து வருஷம் தாங்கினால் அதிகம். உங்கள் வீட்டில் பால்கனி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொடி கட்டுகிற இடம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, பால்கனியிலேயே வையுங்கள்.

ஆனால் அந்தப் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தால் வேண்டாம். அவுட்டோர் வெளியேற்றும் அனல் சுற்றிவந்து அதன் முதுகிலேயே நுழையும். ஏசியின் திறனை வெளியே 35 டிகிரி வைத்துச் சோதித்துத்தான் அச்சடிக்கிறார்கள். கத்திரி வெயிலில் தெருவிலேயே 40ஐத் தொடும்போது மூடின பால்கனிக்குள் 50க்குப் போவது சாதாரணம். பின்னால் ஒரு அடி, முன்னால் மூன்று அடியாவது திறந்த வெளி வேண்டும். முன்னால் மரப்பட்டை கிரில் போட்டு அழகாக மறைப்பது இப்போது ஃபேஷன், ஆர்க்கிடெக்ட்டுகளோடு எனக்கு இருக்கும் நிரந்தரச் சண்டை அது. வெயில் படக்கூடாது என்று மேலே தகர ஷீட் போடுகிறார்கள், அதையும் கடற்கரையில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். மழை அடித்தால் உப்பு கழுவிப் போகும். ஷீட்டுக்கு அடியில் மழை படாமல் நிற்கிற அவுட்டோரில் உப்பு அப்படியே படிந்து கிடக்கும். முடிந்தால் கடலைப் பார்க்காத பக்கச் சுவரில், மேலே திறந்தபடி வையுங்கள்.

ஸ்டாண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியோடு வரும் சாதா இரும்பு ஸ்டாண்ட் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்த மறுநாள் நாங்கள் போன வீடுகளில், ஸ்டாண்டின் போல்ட்டு துருவில் முறிந்து செம்புக்குழாயிலேயே தொங்கிக்கொண்டிருந்த அவுட்டோர்களைப் பார்த்தேன். கீழே யாரும் நடக்கவில்லை என்பது அவர்கள் செய்த புண்ணியம். தரையில் வைத்தால் நல்ல ரப்பர் பாதம் போடச் சொல்லுங்கள். அதிர்வு குழாய்க்குப் போனால் வளைவுகளில் விரிசல் விடும்.

மாட்ட வருகிறவர் "பழைய பைப்பே நல்லாத்தான் இருக்கு சார், அதையே போட்டுக்கலாம்" என்பார். வேண்டாம். நாலு வருஷம் உப்பில் கிடந்த குழாய், வாய் விரித்து விரித்துக் கெட்டிப்பட்ட முனை, கசிவு அதில் இருந்ததா காயிலில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. புதுக் குழாய் வாங்குங்கள். குழாயைச் சுற்றும் கறுப்பு நுரை உறைக்கு மேல் வெயில் தாங்குகிற டேப் சுற்றச் சொல்லுங்கள். சுவரில் போட்ட ஓட்டையை புட்டி வைத்து இரண்டு பக்கமும் அடைக்கச் சொல்லுங்கள், ஏனென்று கரண்ட் விஷயத்தில் சொல்கிறேன்.

குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்யூம் பம்ப் இல்லாமல் வந்தால் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வேலை கொடுக்க வேண்டாம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. புதுக் குழாய்க்குள்ளும் உள்காயிலிலும் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். அவசரக்காரர்கள் அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மறு முனையில் புஸ்ஸென்று காற்றைத் தள்ளிவிட்டு, "ஏர் எடுத்தாச்சு" என்பார்கள். மூன்று நிமிஷ வேலை. ஏசி அன்றைக்கே ஜில்லென்று ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து மெதுவாக அமிலமாகும். கம்ப்ரசர் மோட்டாரின் சுருள் அந்த எண்ணெயில்தான் குளிக்கிறது. மூன்றாவது நாலாவது வருஷம் கம்ப்ரசர் எரிந்தால் யார் போய் மாட்டின நாளை நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? பம்ப் போட்டு இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜைப் பத்து நிமிஷம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. ஏறினால் நட்டைக் கழற்றித் திரும்ப ஃபிளேர் போடச் சொல்லுங்கள். கேஸ் திறந்த பிறகு நாலு நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். அவுட்டோரின் வால்வு மூடிகள் இரண்டையும் இறுக்கிவிட்டார்களா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள், அந்த மூடியும் கசிவைத் தடுக்கிற ஒரு பூட்டுதான், தூசிக்காக மட்டும் வைத்ததில்லை.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஏசியை 18ல் வைத்துக் கதவை மூடி இருபது நிமிஷம் ஓட்டுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை இன்டோரின் மேல் பக்கம், காற்று உள்ளே போகிற இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்று வெளியே வருகிற வாயில் வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருக்க வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு பேப்பரில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், பக்கத்திலேயே ஸ்டிக்கரில் உள்ள கேஸ் எடையையும். இந்தப் பேப்பர்தான் உங்கள் ஏசியின் ஜாதகம்.

இது எதற்கு என்றால், சர்வீஸுக்கு வருகிறவர் என்றாவது ஒரு நாள் கேஜ் மாட்டி "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாமா?" என்று கேட்பார். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது கேஜ் முள் கீழே இருக்கும், மெதுவாக ஓடும்போது மேலே வரும். முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் முள்ளைக் காட்டினால் யாருக்கும் கம்மி என்றுதான் தோன்றும். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், சிலருக்கே இது தெரியாது. நீங்கள் தெர்மாமீட்டரை எடுங்கள். முதல் நாள் வித்தியாசம் 11, இன்றைக்கு 10 என்றால் கேஸைத் தொட விடாதீர்கள். 5, 6 என்று இருந்தால் முதலில் ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் கேஸ் போயிருக்கலாம். அப்படியானால் "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். கண்டுபிடித்து ஒட்டின பிறகு, மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, வாக்யூம் போட்டு, தராசில் எடை பார்த்து ஸ்டிக்கரில் உள்ள கிராமுக்குப் போட வேண்டும். கண் மதிப்பில் போட்டால் அதிகமாகப் போய்விடும், அது குறைவதைப் போலவே கம்ப்ரசருக்குக் கெடுதல்.

இனி நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை. இரண்டுதான் முக்கியம்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். எல்லோரும் சொல்வதுதான், யாரும் செய்வதில்லை. ஃபில்டர் அடைத்தால் காயில் மேல் காற்று போவது குறையும், காயிலில் ஐஸ் கட்டும், ஆவியாகாத திரவம் அப்படியே கம்ப்ரசருக்குத் திரும்பி வரும். கம்ப்ரசர் ஆவியை அழுத்தப் பிறந்தது, திரவத்தை அதனால் அழுத்த முடியாது. இன்டோரிலிருந்து பனிக்கட்டித் துகள் தெறித்தால் கத்தியால் சுரண்டாமல் நிறுத்திவிட்டு, ஃபேனில் ஓட விட்டு உருக விடுங்கள். சுரண்டிக் குழாயில் ஓட்டை போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, அவுட்டோரைத் தண்ணீரில் கழுவுவது. உங்கள் தெருவில் மாதம் ஒரு தடவை, மழைக்காலத்தில் தேவையில்லை. ஏசிக்குக் கரண்ட் போகும் எம்சிபி சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஒயர் போகிற பக்கத்துப் பெட்டியில் பிளாஸ்டிக் பை சுற்றிவிட்டு, செடிக்கு ஊற்றுகிற மாதிரி மெதுவாக. பிரஷர் பம்ப்பை நேராக அடித்தால் ஃபின் எல்லாம் சீப்புப் பல் மாதிரி மடங்கிவிடும். ஒன்றைக் கவனியுங்கள், கடலோரத்தில் பல அடுக்குமாடிகளில் போர் தண்ணீரே உப்புதான். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் கலந்த கெமிக்கல் வாஷ் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பளபளவென்று ஆகும், ஃபின் மேல் உள்ள பூச்சும் சேர்ந்து பளபளவென்று போய்விடும். புறா கூடு கட்ட விடாதீர்கள். எச்சம் காய்ந்தால் கீழே தகடு அரித்துவிடும்.

கரண்ட் விஷயம். இன்வெர்ட்டர் ஏசிகள் எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் நம் ஊர் ஏற்ற இறக்கத்துக்கு அது போதும். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு ஸ்டெபிலைசர் போடச் சொல்வேன், காரணம் வேறு. பழைய அடுக்குமாடிகளில் கீழே மீட்டர் பெட்டி உப்புக்காற்றில் துருவேறி நியூட்ரல் ஒயர் தளர்ந்து விடுவது நடக்கிறது. நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறலாம். ஹை கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் அந்த நேரத்தில் கரண்டைத் துண்டித்துவிடும், ஏசியின் எலக்ட்ரானிக் பலகையான பிசிபி பிழைக்கும். பிளக்கை வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டுப் பாருங்கள். ஏசி ஓடும்போது சூடாக இருந்தாலோ பின் ஓரம் பழுப்பாக இருந்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுவர் ஓட்டையை அடைக்கச் சொன்னேனே, அது பல்லிக்காக. அவுட்டோர் பிசிபியின் கதகதப்புக்குப் பல்லி போய்ப் படுக்கும். வால் ஒரு முனையில், தலை ஒரு முனையில் பட்டால் அதோடு சரி, பல்லியும் போச்சு, பிசிபியும் போச்சு. கருகின பலகையில் பல்லியின் உருவம் அச்செடுத்த மாதிரி இருக்கும். ஒயர் நுழைகிற எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுங்கள்.

எத்தனை டிகிரியில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஆயுசோடு சம்பந்தம் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24ல் நிற்கும்படி மத்திய அரசின் எரிசக்தி சேமிப்பு அமைப்பு விதி கொண்டுவந்தது. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் 26ல் வைத்து மேலே மின்விசிறியையும் போட்டால் கம்ப்ரசர் ராத்திரி முழுக்க மெதுவாகவே ஓடும். சீக்கிரம் குளிரட்டும் என்று 16ல் வைப்பதால் சீக்கிரம் குளிராது. முழு வேகம் எதுவோ அதுதான் வரும், நிறுத்த மறந்து போர்வையைத் தேடுவீர்கள்.

ஏஎம்சி. முதல் வருஷம் கம்பெனி வாரன்டி இருக்கும், ஏஎம்சிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். அதற்கப்புறமும் ஒன்றிரண்டு ஏசி உள்ள வீட்டுக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, என் பிழைப்பில் மண் விழுந்தாலும் இதைத்தான் சொல்வேன். வருஷத்துக்கு நாலு சர்வீஸ் என்று எழுதியிருப்பார்கள், அதில் இரண்டு ஃபில்டரை உதறுவதோடு முடியும். மாசி மாதம் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒன்று, வெயில் காலம் முடிந்ததும் ஒன்று, காசு கொடுத்து நல்ல ஆளாகப் பார்த்துச் செய்யுங்கள். கூடவே நின்று பாருங்கள். வாரன்டி கார்டில் கம்ப்ரசருக்குப் பத்து வருஷம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். காயிலுக்கும் பிசிபிக்கும் எத்தனை என்று கீழே சின்ன எழுத்தில் பாருங்கள், கடற்கரை வீட்டில் முதலில் போவது அவைதான்.

கடைசியாக, பழைய ஏசியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் அதற்குக் கொடுங்கள். எந்தக் காயில் போயிற்று என்று மெக்கானிக் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கழற்றின பிறகு இரண்டு காயிலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் கசிந்த இடத்தில் எண்ணெயும் கூடவே வந்திருக்கும், அந்த இடத்தில் மட்டும் தூசி பிசுக்காக ஒட்டியிருக்கும். அது அவுட்டோரில் இருந்து, பக்கத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் உப்பு, மாதாந்திரக் கழுவலை விடாதீர்கள். இன்டோரில் இருந்து, செம்பு கறுத்திருந்தால் மாட்டுவதற்கு முன்னால் டிரெயினை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு காயிலும் பளிச்சென்று இருந்து, ஃபிளேர் நட்டைச் சுற்றி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அந்த ஏசியின் காயில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. உங்களைத் தேவையில்லாமல் புதுசு வாங்க வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் அதை எக்ஸ்சேஞ்சுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், நட்டைச் சரிசெய்து இன்னொரு அறையில் மாட்டலாம்.